இறங்காதவர்கள்

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
தட்டச்சு மேசைகள் வரிசையாய்க் குந்தியிருக்கின்றன.
பக்கத்துக்கு நூற்றைம்பது, அவசரமென்றால் இருநூறு.
காணி வழக்கா, விவாகரத்தா என்று கேட்கிறாள் சிரியாணி.
இரண்டுமில்லை.
மகளுக்கு மூன்று மார்க்.

மீத்திறன் மாணவர் வகுப்பு,
கொழும்பு வடக்குக்கு முப்பது இடம்.
எண்பது வேண்டுமாம். யதுர்ஷிக்கு எழுபத்தேழு.
'வருந்துகிறோம்' என்ற கடிதத்தில்
வருந்தியவரின் கையெழுத்து ஒரு ரப்பர் முத்திரை.

காசு கட்டி விடைத்தாளைப் பார்த்தேன்.
பதினோராம் கேள்வி:
நாற்பத்திரண்டு பேரோடு ஒரு பஸ் புறப்படுகிறது.
முதல் தரிப்பில் ஒன்பது பேர், அடுத்ததில் ஆறு,
பிறகு எட்டு.
இறங்கியவர்கள் எத்தனை பேர்?
இருபத்துமூன்று என்று எழுதியிருக்கிறாள்,
மூன்றின் வாலை வழக்கம்போல் நீட்டி.
அதன்மேல் சிவப்புக் கோடு.
பக்கத்தில், வேறு யாரோவின் கையில், பத்தொன்பது.

மேல்மாடி நிரோஷா மகனின் சிங்களத் தாளைத் தந்தாள்.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
அங்கே கேட்டிருந்தது இறங்காதவர்களை.
தமிழுக்கு வருகிற வழியில்
ஓர் 'இல்லை' நடுவில் இறங்கிக்கொண்டது.
அதை ஒருவரும் எண்ணவில்லை.

மேன்முறையீடு சிங்களத்தில் வேண்டும்
அல்லது ஆங்கிலத்தில் என்றார்கள் கந்தோரில்.
தமிழ்க் கேள்வியில் பிழை என்று
தமிழில் சொல்ல ஒரு யன்னலும் இல்லை.
ஆகவே சிரியாணி.

என் நொண்டிச் சிங்களத்தை வாங்கி
நிமிர்ந்த சிங்களமாய் அடிக்கிறாள்.
என் மகள் சரியான கெட்டிக்காரி என்றேன்.
அதைப் போடவேண்டாம் அக்கா,
எல்லாத் தாய்மாரும் அதைத்தான் சொல்லுவார்கள்,
கேள்வியை மட்டும் போடுவோம் என்றாள்.
பிறகு விரல் நின்றது.
அந்த இரண்டு சொல்லுக்கும் அவளுடைய மெஷினில் எழுத்தில்லை.
இடம் விட்டுத் தந்தாள்.
பேனையால் எழுதினேன்:
இறங்கியவர்கள். இறங்காதவர்கள்.
முழுப் பக்கத்திலும் தமிழ் அவ்வளவுதான்.

வேலைக்குத் தலைவலி என்று சொல்லியிருக்கிறேன்.
கொட்டாஞ்சேனையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம்,
யன்னலுக்குப் பின்னால் நான்.
நாள் முழுக்க அடுத்தவர்களின் முடிவுகளை
உறையில் போட்டு நீட்டுகிறவள்.
சீனி இருநூற்று நாற்பது என்றாலும்
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.
ஒருவரும் இதுவரை மேன்முறையீடு செய்ததில்லை.

பத்தரமுல்லை பஸ்ஸில் யன்னல் பக்கம் அவள்.
பொரளையைத் தாண்டும்வரை பேசவில்லை.
"ஷிமாரா பத்தொன்பது என்டுதான் போட்டவள்."
சரி.
"கேள்வியை வாசிக்கவே இல்லையாம்.
பழைய பேப்பரில எப்பவும் மிச்சத்தைத்தானே கேக்கிறது என்டாள்."
சரி.
"இப்ப எனக்குச் சரி என்டா, அவளுக்குப் பிழை என்டு வருமா?"

ஷிமாராவுக்கு எண்பத்தொன்று.
அவளுடைய தாயும் நானும்
ஒரே ஓட்டோவில் இருவரையும் டியூஷனுக்கு அனுப்பினோம்,
மாதக் காசைப் பாதி பாதியாய்ப் போட்டு.
எண்பத்தொன்றில் ஐந்தைக் கழித்தேன்.
கழிக்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே கழித்தேன்.
விடை பிழையில்லாமல் வந்தது.

தெரியாது என்றேன் பிள்ளையிடம்.
இரண்டு பேருக்கும் சரி போடலாம்தானே என்றாள்.
முப்பது இடம் என்றேன்.
கொஞ்ச நேரம் யன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினாள்.
அதில் பழைய பச்சை நிறம் உரிந்து
அவள் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.
நான் தட்டிவிடவில்லை.

மடியில் உறை. இன்னும் ஒட்டவில்லை.
அமைச்சு, அமைச்சு என்று கத்துகிறார் கொண்டக்டர்.
முன்வாசலில் ஒரு கைத்தடி முதலில் இறங்குகிறது,
பிறகு அதன் ஆள்,
பிறகு கோப்புகளோடு ஒரு கூட்டம்.
யதுர்ஷியின் உதடு அசைகிறது.

"எட்டுப் பேர் இறங்கியாச்சு, அம்மா.
எங்களையும் சேர்க்கவா?"